முதுமையில் குணமும் உறவும் உடல்நலமும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி வட்டங்களில் முதியோரை வீடு தேடிச் சென்று பார்க்கும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறேன். இரத்த அழுத்தம் பார்ப்பதும், சர்க்கரை அளவைக் குறித்துக்கொள்வதும், மாத்திரை அட்டையில் எத்தனை மாத்திரை மீதமிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும்தான் என் வேலை. ஆனால் ஒரே வயதும் ஒரே நோயும் ஒரே மருந்தும் உள்ள இருவரில் ஒருவர் தேறி எழுவதும் மற்றவர் தளர்ந்துகொண்டே போவதும் ஏன் என்று வீட்டார் என்னிடம் ஓயாமல் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும், நான் சொன்ன விடைகளையும், பின்னர் படித்துத் திருத்திக்கொண்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒருவருடைய குணம் அவருடைய உடல்நலத்தை உண்மையிலேயே பாதிக்குமா?

பாதிக்கும். உளவியலாளர்கள் மனிதரின் குணத்தை ஐந்து பெரும் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், புதியதை ஏற்கும் மனம், எளிதில் கலங்கும் தன்மை. இவற்றுள் நீண்ட ஆயுளோடு மிகத் தெளிவாகத் தொடர்புடையதாகத் தெரிவது பொறுப்புணர்வு. சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்வது, பொருளை எடுத்த இடத்தில் வைப்பது, நாளைக்கு வேண்டியதை இன்றே நினைப்பது ஆகிய சின்னச் சின்னப் பழக்கங்களின் தொகுப்பைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள்.

1921-இல் லூயிஸ் டெர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் கலிபோர்னியாவில் அறிவுக்கூர்மை மிகுந்த ஏறத்தாழ 1,500 சிறுவர் சிறுமியரைத் தேர்ந்தெடுத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். அவர் மறைந்த பிறகும் மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். அந்தக் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் அன்று எழுதிவைத்த மதிப்பீடுகளை, அவர்கள் எத்தனை வயதுவரை வாழ்ந்தார்கள் என்பதோடு ஹோவர்ட் ஃப்ரீட்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒப்பிட்டு 1993-இல் வெளியிட்டார்கள். சிறுவயதில் பொறுப்பானவர் என்று பெயரெடுத்தவர்கள், சராசரியாக மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்திருந்தார்கள்.

இதன் காரணத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோத்தகிரிக்கு மேலே ஒரு சிற்றூரில் இருந்த பாட்டி, தன் இரத்த அழுத்த மாத்திரையை நாட்காட்டித் தாளில் மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் அந்தந்தத் தேதி தெரியும்படி தகர டப்பாவில் அடுக்கி வைத்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றாலும், தேதியின் எண் உருவத்தை அடையாளம் வைத்திருந்தார். அவர் வீட்டில் மாத்திரை எண்ண வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

எப்போதும் சிரித்துப் பேசுபவர்கள்தான் நீண்ட நாள் வாழ்வார்கள் என்கிறார்களே?

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன அதே ஆய்வில், சிறுவயதில் மிகுந்த உற்சாகமும் வேடிக்கைப் பேச்சும் உள்ளவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள் சற்றுக் குறைவாகவே வாழ்ந்திருந்தார்கள். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நம்புகிறவர், மார்வலியைக்கூட வாயுத்தொல்லை என்று தள்ளிவிடக் கூடும். மறுபுறம், அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் 180 பேர் இளவயதில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளை வைத்து 2001-இல் வெளியான ஆய்வு, அக்குறிப்புகளில் மகிழ்ச்சியும் நன்றியும் மிகுந்திருந்தவர்கள் நீண்ட காலம் வாழ்ந்ததாகக் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, சிரிப்பு மட்டும் மருந்தாகிவிடாது என்றும், நிறைவும் ஒழுங்கும் சேர்ந்திருக்கும் இடத்தில்தான் உடல் நன்றாக இருக்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. அமைதியான, அதிகம் பேசாத தாத்தாவைப் பார்த்து வீட்டார் கவலைப்பட வேண்டியதில்லை.

என் அம்மா எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறார். அது அவருடைய உடலைக் கெடுக்குமா?

எளிதில் கலங்கும் தன்மை மிகுந்தவர்களுக்கு மனச்சோர்வும் உறக்கக் குறைவும் இதயநோயும் கூடுதலாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓயாத கவலை உடலை எந்நேரமும் ஓட்டத்துக்குத் தயாரான நிலையில் வைத்திருக்கிறது. கார்டிசால் போன்ற சுரப்புகள் தணியாமல் இருப்பதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கிறது, உடலுக்குள் மெல்லிய அழற்சி நிலைத்துவிடுகிறது.

ஆயினும் கவலைப்படுகிறவர் பொறுப்பும் உள்ளவராக இருந்தால், அந்தக் கவலையே அவரைக் காப்பாற்றுவதும் உண்டு. காலில் சிறு புண் வந்தாலும் மறுநாளே மருத்துவமனைக்கு வந்து நிற்கும் சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலும் கவலைக்காரர்களே, அவர்களில் கால் இழந்தவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஆகவே “கவலைப்படாதே அம்மா” என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, அந்தக் கவலைக்குச் செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுப்பது மேல். அழுத்தத்தை வாரம் ஒருமுறை பார்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள், அடுத்த பரிசோதனை நாளை அவரையே குறித்துவைக்கச் சொல்லுங்கள். தூக்கம் கெடும் அளவுக்கோ உணவு குறையும் அளவுக்கோ கவலை போய்விட்டால் அதைக் குணம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனெனில் அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

உறவுகள் உடலுக்கு என்ன செய்ய முடியும்? மருந்துதானே நோயைத் தீர்க்கிறது?

1979-இல் லிசா பெர்க்மன், லெனர்ட் சைம் ஆகிய இருவரும் கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் 6,928 பேரை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். திருமணம், நண்பர்கள், சொந்தபந்தம், வழிபாட்டுக் கூட்டம், சங்கம் என்று எந்தப் பிணைப்பும் இல்லாதவர்கள், பிணைப்பு மிகுந்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக அந்த ஒன்பது ஆண்டுகளில் இறந்திருந்தார்கள். புகை, குடி, தொடக்கத்தில் இருந்த உடல்நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. பின்னர் 2010-இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 148 ஆய்வுகளில் இடம்பெற்ற மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் தொகுத்தபோது, வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் ஆய்வு, ஐம்பது வயதில் ஒருவர் தம் உறவுகளில் எவ்வளவு நிறைவாக இருந்தார் என்பது, எண்பது வயதில் அவருடைய உடல்நிலையை அன்றைய கொலஸ்டிரால் அளவைவிட நன்றாகவே முன்கூட்டிக் காட்டியதாகச் சொல்கிறது.

எண்களைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது ஒரு டீக்கடை. பேருந்து நிறுத்தத்தில் இருந்த அந்தக் கடைக்கு எழுபத்தெட்டு வயதான ஒருவர் தினமும் காலை ஆறே முக்காலுக்கு வருவார். மங்கி குல்லா, பழைய கம்பளிக் கோட்டு, கையில் மடித்த குடை. பேச்சு அதிகம் இருக்காது. ஒரு டீயும் ஒரு வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு, கோத்தகிரிப் பேருந்து கிளம்பும்வரை நின்றுவிட்டுத் திரும்புவார். மனைவி இறந்து நான்கு ஆண்டுகள், மகன் திருப்பூரில். ஒருநாள் ஏழேகால் ஆகியும் அவரைக் காணவில்லை. கடைக்காரர் பாலை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, “தாத்தாவைக் காணோமே” என்று சொல்லிக்கொண்டே எண்பது படி இறங்கிப் போய்ப் பார்த்தார். தாத்தா குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து, ஈரத் தரையில் விறைத்துக் கிடந்தார். இன்னும் மூன்று மணி நேரம் கழிந்திருந்தால் குளிரே அவரைக் கொண்டுபோயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அவர் இப்போது வாக்கரோடு நடக்கிறார்.

அதன் பிறகு, நான் பார்க்கும் ஒவ்வொரு முதியவரிடமும் அழுத்தம் பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்பேன்: “நாளைக்கு உங்களைக் காணவில்லை என்றால் முதலில் தேடுகிறவர் யார்?” சிலர் உடனே பெயர் சொல்வார்கள். சிலர் யோசிப்பார்கள். யோசிக்கிறவர்களின் பெயரை என் குறிப்பேட்டில் தனியாக எழுதிவைப்பேன்.

உடல் நலிந்தவர்கள்தான் வெளியே போகாமல் தனிமைப்படுகிறார்கள். நீங்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிச் சொல்கிறீர்களோ?

இந்த ஐயம் நியாயமானது. முழங்கால் வலி உள்ளவர் கோயிலுக்குப் போவதை நிறுத்துகிறார், கோயிலுக்குப் போகாததால் ஆட்களைப் பார்ப்பது குறைகிறது. இங்கே நோய் முந்தியது. ஆனால் பார்ப்பது குறைந்ததும் நடப்பதும் குறைந்து தசை தளர்கிறது, ஒருவருக்காக மட்டும் எதற்குச் சமைப்பது என்று இரவில் வெறும் டீயோடு படுக்கிறார், முழங்கால் இன்னும் மோசமாகிறது. இங்கே தனிமை முந்திவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஆய்வாளர்கள் தொடக்க உடல்நிலையைக் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகும் உறவின் பங்கு மிச்சமிருக்கிறது என்பதால்தான் இதைத் துணிந்து எழுதுகிறேன்.

தனியாக வாழ்வதும் தனிமையும் ஒன்றா?

ஒன்றல்ல. தனியாக இருப்பது வெளியில் தெரியும் நிலை, அதை எண்ணிப் பார்க்கலாம். தனிமை என்பது தமக்கு வேண்டிய உறவுக்கும் கிடைக்கும் உறவுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒருவர் உள்ளே உணர்வது. ஒன்பது பேர் உள்ள வீட்டில் தனிமையில் வாடுகிறவரும் உண்டு, ஒற்றை அறை வீட்டில் நாய்க்குட்டியோடும் நான்கு தோட்டத்துத் தோழிகளோடும் நிறைவாக இருக்கிறவரும் உண்டு. இரண்டு நிலையும் தனித்தனியே உடலைப் பாதிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் அதனோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிட்டது.

இதைக் கண்டறிய மூன்று எளிய கேள்விகள் உலகெங்கும் பயன்படுகின்றன: துணையில்லை என்று எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், ஒதுக்கிவைக்கப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், மற்றவர்களிடமிருந்து விலகிப்போனதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள். மூன்றுக்கும் “அரிதாகத்தான்” என்று விடை வந்தால், அவர் தனியாக இருக்கிறார் என்பதற்காகவே அவரை ஊரைவிட்டுப் பெயர்த்து நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. அப்படிக் கொண்டுபோய், நான்காம் மாடி வீட்டில் சன்னலைப் பார்த்தபடி இளைத்துப்போன இரண்டு பேரை நான் அறிவேன்.

தனியாக வாழ்பவர் விஷயத்தில் மலைக்கே உரிய ஓர் எச்சரிக்கை: குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

மலைப்பகுதியில் இந்தச் சிக்கல் சமவெளியைவிட வேறுபட்டதா?

வேறுபட்டது. இங்கே உறவு அறுந்துபோவதற்கு மனக்கசப்பு தேவையில்லை, படிகளே போதும். சமவெளியில் அடுத்த தெரு என்பது நூறு அடி. இங்கே அடுத்த வீடு என்பது கூரைக்கு மேல் தெரியும் வீடாக இருந்தாலும், அறுபது படி ஏறித்தான் போக வேண்டும். முழங்கால் போன நாளிலிருந்து அந்த வீட்டுத் தோழி கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே தொலைந்துபோகிறார். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும், தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கமும் நாள்கணக்கில் வெளியே தலைகாட்ட முடியாது, மண் சரிந்தால் பேருந்தும் வராது. மாலை ஆறு மணிக்கு மேல் தேயிலைக்குள்ளிருந்து காட்டுமாடும் கரடியும் பாதைக்கு வந்துவிடுவதால், பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வரும் பழக்கமே பல ஊர்களில் நின்றுவிட்டது. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்களும் குறைந்திருக்கிறார்கள். நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 7,62,141 ஆக இருந்து 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்தது. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத ஆண்டுகளில் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இளைஞர்கள் இறங்கிப் போனார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள முதியவர்கள் மேலேயே இருந்துவிட்டார்கள்.

எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களின் நிலை இன்னும் கடினமானது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் தனியார் தோட்டங்களிலும் குடியமர்ந்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். வாழ்நாளில் ஒருமுறை கடல் கடந்து உறவைப் பிரிந்தவர்கள், ஓய்வு பெற்றதும் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய நேரும்போது இரண்டாம் முறை பிரிகிறார்கள். நாற்பது ஆண்டுகள் ஒரே வரிசையில் நின்று கொழுந்து பறித்த பெண்கள் பல திசைக்குப் போகிறார்கள். அப்படிப் போன ஓர் ஆயா, என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையின் விரல்களும் மடியில் எதையோ கிள்ளிக்கொண்டே இருந்தன. “பழக்கம் கண்ணு” என்றார். பிறகு, “பறிச்சுக்கிட்டே பேசுவோம், இப்போ பேச ஆளில்லே” என்றார்.

அதே மலையில் நல்ல பக்கமும் இருக்கிறது. படுகர் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் வரிசையாக ஒட்டியிருப்பதால், ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். இளையவர் தலைகுனிந்து நிற்க, மூத்தவர் தலையில் கைவைத்து வாழ்த்தும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் ஏறிவரும் நாட்களில், படுத்தே கிடந்த பாட்டிகள்கூட வெள்ளை முண்டு உடுத்தித் திண்ணைக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தம் கைக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது என்ற உணர்வு முதியவரை எழுப்பி உட்காரவைக்கிறது.

அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறார். வயதானால் குணம் இப்படித்தான் ஆகுமா?

முதலில் காதைப் பாருங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். ஓர் அம்மாளை மூன்று ஆண்டுகளாகச் சிடுசிடுப்புக்காரர் என்றே நினைத்திருந்தேன். மருமகளும் அப்படித்தான் சொன்னாள். கூட்டத்தில் உட்கார மாட்டார், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், சிரித்தால் தம்மைக் கேலி செய்வதாக நினைத்துக்கொள்வார். ஒருநாள் மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தபோது நான் அவர் காதருகே குனிந்து சத்தமாகப் பேசினேன். அவர் முகம் மலர்ந்து, அரைமணி நேரம் பேரனைப் பற்றிப் பேசினார். பரிசோதித்ததில் ஒரு காதில் குறும்பி அடைத்திருந்தது, இரு காதிலும் கேட்கும் திறனும் குறைந்திருந்தது. குறும்பியை எடுத்து, காது கேட்கும் கருவி பொருத்திய பிறகு அந்தச் சிடுசிடுப்பு போன இடம் தெரியவில்லை.

காது கேளாமை உறவை அறுக்கிறது என்பதோடு அது நிற்பதில்லை. மறதி நோயைப் பற்றி ஆராயும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றியமைக்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளுள் காது கேளாமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, சமூகத்திலிருந்து விலகியிருத்தல் ஆகிய நான்குமே இடம்பெற்றுள்ளன. ஒரே முதியவரிடம் இந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைத்தான் நாங்கள் வீடுகளில் பார்க்கிறோம்.

குணம் திடீரென்று மாறினால்?

குணம் மெல்லத்தான் மாறும். சில நாட்களிலோ வாரங்களிலோ ஒருவர் வேறு ஆளாகிவிட்டால் அதை நோயின் அறிகுறியாகக் கொள்ள வேண்டும். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, சிறிய பக்கவாதம், விழுந்து தலையில் அடிபட்ட பிறகு மெல்லக் கசியும் இரத்தம் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். இவற்றில் பல குணப்படுத்தக்கூடியவை. சிக்கனமானவர் கண்டபடி செலவு செய்வது, கூச்சமுள்ளவர் கூசாமல் பேசுவது போன்றவை மறதி நோயின் தொடக்கமாகவும் இருப்பதுண்டு. “வயசாயிடுச்சு” என்ற ஒற்றைச் சொல்லால் இவற்றை மூடிவிடக் கூடாது.

கூட்டுக் குடும்பத்தில் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை அல்லவா?

உறவின் எண்ணிக்கையைவிட அதன் தன்மை முக்கியம். அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற ஆய்வாளர் 42 தம்பதியரின் கையில் சிறு கொப்புளக் காயத்தை ஏற்படுத்தி, அது ஆறும் வேகத்தை அளந்து 2005-இல் வெளியிட்டார். ஒருவரையொருவர் கடிந்து பேசிய தம்பதியருக்கு அந்தக் காயம் ஆற மற்றவர்களைவிடக் கூடுதல் நாட்கள் ஆயின. தினமும் குத்திக்காட்டிப் பேசும் வீட்டில் இருப்பதும் உடலுக்கு ஒரு சுமைதான். “உனக்கென்ன, உட்கார்ந்து சாப்பிடுகிறாய்” என்ற ஒரு வரிக்குப் பிறகு, இரவுச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்ட தாத்தாவின் சர்க்கரை தாழ்ந்து மயங்கிய நிகழ்ச்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார், ஆனால் சாப்பிடவில்லை.

கவனித்துக்கொள்பவரையும் இங்கே மறக்கக் கூடாது. அதே ஆய்வாளர் 1995-இல், மறதி நோயுற்ற உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குச் சிறு காயம் ஆற மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டதைக் காட்டினார். நம் வீடுகளில் அந்தப் பெண் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த மருமகளாகவோ, தானும் முதுமையில் இருக்கும் மனைவியாகவோ இருக்கிறார். வாரத்தில் ஓர் அரைநாளாவது அவரை விடுவிக்க மகனோ மகளோ முறைவைத்து வர வேண்டும், அதை உதவி என்று நினைக்காமல் தம் பங்கு என்று நினைத்து வர வேண்டும்.

மனைவி இறந்த பிறகு அப்பா சீக்கிரம் தளர்ந்துவிட்டார். இது எல்லோருக்கும் நடப்பதா?

துணையை இழந்த முதல் சில மாதங்களில் மற்றவருக்கும் இறப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது, ஆண்களுக்கு அது பெரும்பாலும் கூடுதல். நம் ஆண்களில் பலருக்கு ஊரோடும் உறவோடும் இருந்த பாலம் மனைவிதான். யார் வீட்டில் விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவர்தான் அறிந்து இவரை அழைத்துப் போவார். அவர் போனதும் பாலம் போய்விடுகிறது. முதல் ஆறு மாதத்துக்கு யாராவது ஒருவர் அந்த வேலையை ஏற்று, அப்பாவைக் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும்.

எழுபது வயதுக்கு மேல் குணத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். 2017-இல் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சையாலும் பயிற்சியாலும் சில மாதங்களிலேயே குணக்கூறுகள், குறிப்பாக எளிதில் கலங்கும் தன்மை, மாறுவது தெரிந்தது. வயது ஏற ஏறப் பலர் தாமாகவே நிதானமாகிறார்கள் என்பதும் உண்மை. லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் காட்டியபடி, மீதமுள்ள காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் பழக்கக்காரர் கூட்டத்தைச் சுருக்கி, மனத்துக்கு நெருக்கமான சிலரிடம் தம்மை ஒப்படைக்கிறார்கள். ஆகவே நண்பர்கள் குறைவது எப்போதும் தீங்கின் அடையாளம் அல்ல. நெருக்கமான அந்தச் சிலரும் குறையும்போதுதான் விழித்துக்கொள்ள வேண்டும்.

குணத்தை மாற்ற முயல்வதைவிடச் சுற்றுப்புறத்தைக் குணத்துக்கேற்ப அமைப்பது எளிது என்பது என் கருத்து. கூச்சமுள்ளவரை முதியோர் கூட்டத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தால் அடுத்த வாரம் வர மாட்டார். அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: அங்கன்வாடிப் பிள்ளைகளைப் படியில் கைபிடித்து இறக்கிவிடுவது, கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது, பேருந்து நேரத்தைப் பலகையில் எழுதுவது. மறதிக்காரருக்கு மாத்திரையைப் பல் துலக்கும் குவளைக்குள் வையுங்கள். பிடிவாதக்காரரிடம் நடைப்பயிற்சி என்று சொல்லாதீர்கள், பால் வாங்கிவரச் சொல்லுங்கள்.

நான் பெங்களூரில் இருக்கிறேன். தினமும் அலைபேசியில் பேசுகிறேன். போதாதா?

பேசுவது மிகவும் நல்லது, நிறுத்தாதீர்கள். “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்ற இரண்டு கேள்வியோடு முடிக்காமல், உங்கள் வீட்டில் குழம்பு சரியாக வரவில்லை என்று சொல்லி அம்மாவிடம் வழி கேளுங்கள். தம்மை நலம் விசாரிப்பதைவிட, தம்மிடம் வழி கேட்டு அதன்படி செய்வது முதியவருக்கு வலு தருகிறது. ஆனால் மழைக்காலத்தில் சிக்னல் கிடைக்காது, மின்சாரம் போனால் அலைபேசியும் அணைந்துவிடும், விழுந்து கிடப்பவரை அலைபேசி தூக்காது. ஆகவே அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவரோடு நீங்கள் உறவு வைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா, டீக்கடைக்காரர், பால் ஊற்றும் அண்ணன் என்று யாராக இருந்தாலும் அவருடைய எண் உங்களிடம் இருக்க வேண்டும், உங்களுடைய எண் அவரிடம் இருக்க வேண்டும், ஊருக்கு வரும்போது அவர் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் இனிப்பு போக வேண்டும்.

உதவி எங்கே கிடைக்கும்?

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மனநல உதவிக்கு 14416. “வாழ்ந்து என்ன பயன்” என்று முதியவர் சொல்லத் தொடங்கினால் அதைப் புலம்பல் என்று கடந்துவிடாமல் இந்த எண்ணையும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையையும் அன்றே நாடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளும், இயன்முறைச் சிகிச்சையும், படுக்கையில் இருப்பவருக்கான ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பிள்ளைகள் கைவிட்டுவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், மருத்துவர் கேட்காவிட்டாலும். ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள்: யாரோடு இருக்கிறார், கடைசியாக எப்போது வீட்டைவிட்டு வெளியே போனார், கடந்த ஆறு மாதத்தில் குணத்தில் என்ன மாறியது, அவரைக் காணவில்லை என்றால் முதலில் தேடுகிறவர் யார். நான்காவது வரிக்கு எதிரே ஒரு பெயரும் அலைபேசி எண்ணும் இருக்கட்டும். வெற்றிடமாக இருந்தால், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், படி இறங்கும் முன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள்.